நீர்த்தேக்கத்து மீன்களும் அவற்றைப் பற்றி வாழும் ஒட்டுண்ணிகளும்

திருத்தணிகை என்றவளவில் தமிழர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவன குன்றும், குன்றின்மேல் விளங்கும் முருகன் கோயிலும், ஓராண்டின் நாட்களுக்கு ஒவ்வொன்றாக எண்ணப்படும் 365 படிகளுமேயாம். அக்குன்றிற்கு அருகே ஓடும் நந்தியாற்றை நினைப்பார் சிலரே. மழை பெய்த காலத்து மட்டும் நீர் காணும் இச்சிற்றாறு கொசத்தலையாற்றோடு கலக்கின்றது. நகரி மலைப்பக்கத்தினின்று வரும் நகரியாறும் அதனோடே சேர்கின்றது. இங்ஙனம் பல கால்களாய் வரும் நீரனைத்தும் பூண்டியென்னுமிடத்தில் அணையால் தடுக்கப்பட்டுத் தங்குகின்றது. 1944-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற அந்நீர்த்தேக்கம், சென்னை நகரத் தலைவராயிருந்து அதற்கு அடிகோலிய சத்தியமூர்த்தியின் பெயரால் சத்தியமூர்த்தி சாகரம் என வழங்கப்படுகின்றது. அதன் முழுக்கொள்ளளவு 3231 மில்லியன் கனஅடி. சென்னை மக்கள் பருகும் நீரில் ஒரு பகுதி இங்கிருந்தே செல்கின்றது.

நீர் தங்குமிடத்தில் மீன் தங்கும். மீன் தங்குமிடத்தில் அதனைப் பற்றி வாழும் சிற்றுயிர்களும் தங்கும். இவ்விரண்டாவது உண்மையை நம்மவர் பெரும்பாலும் அறியாமையால் இரு வேறு தீங்குகள் விளைகின்றன. மீனின் மேல் ஒரு புள்ளியையோ நூல்போன்ற ஒரு புழுவையோ கண்டவுடன், ஏரியே கெட்டதென்று அஞ்சி மீன் வாங்குவதை விட்டுவிடுதல் ஒன்று. அதனால் இரவெல்லாம் நீரில் நின்ற வலைஞன் வீட்டில் அடுப்பெரியாது. அச்சிற்றுயிரைப் பொருட்படுத்தாது, ஓரிடத்து மீனை உயிரோடு மற்றோரிடத்து நீரில் கொண்டுபோய் விடுதல் மற்றொன்று. முன்னது வேண்டாத அச்சம். பின்னது அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமை. இவ்விரண்டையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டு விராலும் அமெரிக்கப் பாஸும்

தூண்டிலிடுவோர் எந்நாட்டிலும் பிற மீனைத் துரத்தி உண்ணும் மீனையே பெரிதும் விரும்புவர்; அது தூண்டிலைப் பாய்ந்து பற்றும், பற்றியபின் எளிதில் அடங்காது. வடஅமெரிக்காவின் அணைகளிலும் ஏரிகளிலும் இவ்வகையிற் புகழ்பெற்றது பாஸ் என்னும் நன்னீர்மீன். நம் நாட்டில் அதனிடத்தை வகிப்பது விரால். நூல்வழக்கில் வரால் என்றும் பேச்சுவழக்கில் விரால் என்றும் கூறப்படும் இதனைத் தெலுங்கர் கொர்ரமீனு என்பர். எல்லைப்புறமாகிய திருத்தணியில் இரு மொழியும் வழங்குதலின் ஒரே மீன் இரு பெயராலும் விலைபேசப்படும்.

விரால் செவுளால் மட்டுமன்றி, நீர்மட்டத்திற்கு வந்து காற்றையும் உண்டு உயிர்க்கும். நீர்ப்பூண்டு அடர்ந்த ஓரங்களில் ஒளிந்திருந்து தவளையையும் சிறுமீனையும் கவ்வும். ஆதலின் உயிருள்ள சிறு தவளையை முள்ளிற் கோத்து நீர்மேல் துள்ளவிட்டு அதனைப் பிடிப்பது நம் சிற்றூர்களில் நெடுநாளைய வழக்கம். இம்மீன் தன் குஞ்சுகளைக் காப்பதும் வியப்புக்குரியது. செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மேல் மிதந்து செல்ல, தாய்தந்தையர் கீழே நின்று காவல்செய்யும். பாஸ் மீனிலும் ஆண்மீன் மணற்றரையைத் துடைத்துக் கூடமைத்து முட்டைகளைக் காக்கும். இரு கண்டத்து மீன்கள் ஒரே ஒழுக்கம் உடையனவாயிருத்தல் நோக்கத்தக்கது.

சங்கச் செய்யுட்களைப் பயின்றார்க்கு வாளையும் வராலும் கெண்டையும் புதியன அல்ல. மருதநிலத்துப் பொய்கைகளைப் பாடிய புலவர் அவற்றின் பெயரையும் இயல்பையும் நன்கறிந்திருந்தனர். பிற்காலத்தில் சென்னை மாகாண அரசியல் அலுவலராயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார், இந்திய ஆறுகளில் தூண்டிலிடுதல் பற்றி 1873-இலும், ஏரி குளங்களில் தூண்டிலிடுதல் பற்றி 1887-இலும் ஆங்கிலத்தில் நூல்கள் எழுதினார். இந்திய மீன்களை வகைப்படுத்திப் பெருநூல் இயற்றிய பிரான்சிஸ் டே என்பாரும் அக்காலத்தவரே. 1907-இல் சென்னை மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் தலைமையில் மீன்துறை தோன்றியது. அதன்பின்னரே எந்நீரில் எம்மீனை வளர்க்கலாம் என்பது அரசாங்கத்தின் கருத்தைப் பெற்றது. கோதாவரி போன்ற வடபுலத்து ஆறுகளுக்குரிய கட்லாவைத் தெற்கே காவிரிக்குக் கொண்டுவந்ததும் அம்முயற்சியின் பயனே. இன்று நம் நீர்த்தேக்கங்களில் கட்லா, ரோகு, மிருகால் என்னும் மூன்றும் குஞ்சுகளாக விடப்பட்டு வளர்கின்றன.

மீன்பேன்

மீனைப் பற்றும் ஒட்டுண்ணிகளுள் எளிதிற் கண்ணுக்குப் புலனாவது மீன்பேன். பெயரால் பேன் எனினும் இது பூச்சியினத்ததன்று. நண்டிற்கும் இறாலுக்கும் உறவுடையது. துவரம்பருப்பின் அளவிற்கு மிகாத தட்டையான உடலும், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மேலோடும், கரிய இரு கண்களும் கொண்டது. வாயருகே கிண்ணம் போன்ற இரண்டு உறிஞ்சுறுப்புக்கள் உள. இவற்றால் மீனின் தோலில் ஒட்டிக்கொண்டு, ஊசிபோன்ற ஓர் உறுப்பால் குத்தி, எரிச்சலூட்டும் நீரை உட்செலுத்திக் குருதியை உண்ணும்.

ஒன்றிரண்டு பேன்களால் பெரிய மீனுக்குக் கேடில்லை. பல கூடியவிடத்து மீன் இரையெடாது மெலியும். உடலைக் கல்லிலும் கட்டையிலும் உரசும்; நீரைவிட்டுத் துள்ளும். குத்திய புண்களில் பூஞ்சணமும் நுண்கிருமிகளும் புகும். மீன் இறப்பது பேனால் என்பதினும் பேன் திறந்த வாயில் வழியே புகுந்த பிற பகையால் என்பதே பெரும்பாலும் பொருந்தும்.

இப்பேனுக்கு நான்கிணை நீந்துகால்கள் உண்டு. எனவே ஒரு மீனைவிட்டு மற்றொரு மீனுக்கு இது தானே நீந்திச் செல்லும். முட்டையிடுங்காலத்துப் பெண்பேன் மீனைவிட்டு நீங்கிக் கல், மூங்கில், நீர்த்தாவரத் தண்டு முதலியவற்றின்மேல் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்டவைக்கும். ஒரு பேன் நூற்றுக்கணக்கில் முட்டையிட வல்லது. வெப்பமான நீரில் சில வாரங்களிற் குஞ்சு வெளிவரும். இவ்வியல்பை அறிந்த மீன்வளர்ப்போர் குளத்தில் மூங்கிற் பாய்களையும் பலகைகளையும் இட்டு, அவற்றில் முட்டைகள் ஒட்டியபின் எடுத்து வெயிலிற் காயவைத்து அழிப்பர். பகைவன் முட்டையிட விரும்பும் இடத்தை நாமே அமைத்துக்கொடுத்துப் பின் அதனைக் கவர்ந்துகொள்ளும் சூழ்ச்சி இது, பொருட்செலவும் மிகுதியில்லை.

நங்கூரப்புழு

விரலளவுக் கெண்டையின் பக்கத்தில் ஒரு வெண்ணூல் தொங்குவதுபோற் காணப்படின் அது பெரும்பாலும் நங்கூரப்புழுவாம். இதுவும் புழுவன்று, இறாலுக்கு நெடுந்தொலைவு உறவுடைய சிற்றுயிரே. இதன் தலை, கப்பலின் நங்கூரம்போலக் கிளைகளாகப் பிரிந்து மீனின் தசையுட் புதைந்திருக்கும். வெளியே தொங்கும் உடலின் முடிவில் இரு முட்டைப்பைகள் காணப்படும். இங்ஙனம் மீனிற் புதைவது பெண்ணுயிரே. ஆணுயிர் கூடியபின் இறந்தொழியும். லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1758-ஆம் ஆண்டிலேயே இதற்குப் பெயரிட்டார். கையாற் பறித்தெடுத்தால் உடல் அறுந்து தலை உள்ளேயே தங்கிவிடும். நங்கூரம் என்ற பெயர் எத்துணைப் பொருத்தமுடையது என்பது அப்போது விளங்கும்.

நத்தை, மீன், நாரை

மீனின் தோலிலும் தசையிலும் கரும்புள்ளியாகவோ மஞ்சள் நிறச் சிறுமணியாகவோ காணப்படுவன தட்டைப்புழுக்களின் இளநிலைகள். இவற்றின் வாழ்க்கை மூன்று வீடுகளில் நடைபெறுவது. மஞ்சட்புழுவை எடுத்துக்கொள்வோம். முதிர்ந்த புழு நாரையின் வாயிலும் தொண்டையிலும் வாழ்கின்றது. நாரை நீரில் அலகை அமிழ்த்தும்போது முட்டைகள் நீரிற் கலக்கின்றன. அவற்றினின்று வெளிப்பட்ட நுண்ணுயிர் நத்தையினுட் புகுந்து, அங்கே ஒன்று பலவாய்ப் பெருகுகின்றது. பெருகியவை வாலுடைய நுண்புழுக்களாய் நத்தையைவிட்டு வெளியேறி நீந்தி, மீனைக் கண்டவிடத்துத் தோலைத் துளைத்து உட்புகுந்து உறைகட்டி உறங்குகின்றன. அம்மீனை நாரை விழுங்குமானால் உறை கரைந்து புழு முதிர்ச்சியடைகின்றது. ஆகவே மீனுடலில் நாம் காணும் மணி, நாரையை நோக்கிக் காத்திருக்கும் ஒரு வழிப்போக்கனேயன்றி வேறன்று. மூன்று வீடுகளுள் ஒன்று இல்லையாயின் அவ்வினம் அங்கே நிலைபெறாது.

விராலின் குடலில் முள்தலைப்புழு என்பதொன்று வாழ்கின்றது. அது தலையிலுள்ள கொக்கிகளாற் குடற்சுவரைப் பற்றியிருக்கும். பாஸ் மீனுக்கு அமெரிக்காவில் ஒருவகை நாடாப்புழு பெரும்பகை. நீரிலுள்ள நுண்ணிறால்களை உண்ணும் சிறுமீன் வழியாக அது பாஸ் மீனையடைந்து, அதன் இளநிலைகள் சினைப்பையைத் துளைத்துச் சிதைத்து மீனை மலடாக்கும். ஏரியிற் பெரிய மீன்கள் காணப்படவும் குஞ்சுகள் அருகிப்போவதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

அணைநீரில் இவை பெருகுவதேன்?

ஓடும் ஆற்றில் வெள்ளம் ஆண்டுதோறும் முட்டைகளையும் நத்தைகளையும் அடித்துச் செல்லும். மீன்களும் பரந்து திரியும். அணையிலோ நீர் நிற்கின்றது. கற்கரையும், நீரில் மூழ்கிய மரங்களும், பூண்டும் பேனின் முட்டைக்கு இடமாகின்றன. கோடையில் நீர் சுருங்கச் சுருங்க, பரந்த நீரில் வாழ்ந்த மீன்கள் சிறிய இடத்திற் செறிகின்றன. ஒரு மீனைவிட்டு நீங்கிய பேனுக்கு மற்றொரு மீன் அண்மையிலேயே கிடைக்கின்றது. வெப்பம் மிகுதலின் நீரில் உயிர்க்காற்றுக் குறைந்து மீன் வலிமை இழக்கின்றது. அவ்வெப்பமே முட்டை விரைவிற் பொரிக்கவும் துணைசெய்கின்றது. ஆழமற்ற நீரில் எளிதாக இரை கிடைத்தலின் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் அங்கே கூடுகின்றன. நத்தை, மீன், பறவை என்னும் மூன்றும் ஒருங்கே நெருங்குவதற்குக் கோடைக்காலத்து அணையைவிடத் தக்க இடம் இல்லை.

ஒரு சிறு குளமாயின் நீரை வடித்துக் காயவைக்கலாம், சுண்ணாம்பு இடலாம். பல்லாயிரம் பேர் குடிக்கும் நீர்த்தேக்கத்தில் இவையொன்றும் இயலாது. நோய் வந்தபின் தீர்க்கும் மருந்து அதற்கு இல்லையாதலின், வருமுன் காத்தல் ஒன்றே வழி.

உண்ணலாமா?

இனி, சந்தையில் நிற்போர் கேட்கும் வினாவுக்கு விடை காண்போம். மீன்பேனும் நங்கூரப்புழுவும் மனிதரைப் பற்றா. நன்னீர்மீனில் உறைகட்டியிருக்கும் புழுக்களுட் சில மனிதருக்குத் தீங்கிழைக்கக் கூடியன. ஆயினும் அத்தீங்கு மீனைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்பவர்க்கே உண்டாம். சயாம் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் பச்சை மீனை நறுக்கிக் காரமும் புளிப்பும் கூட்டியுண்ணும் வழக்கம் உண்டு. அதனால் ஈரலில் தங்கும் ஒருவகைத் தட்டைப்புழு அங்கே பரவி, பித்தநாளப் புற்றுநோய்க்கும் காரணமாகின்றது. காரமும் புளிப்பும் புழுவைக் கொல்லமாட்டா, நெருப்பே கொல்லும். நம் நாட்டில் மீனைப் புளிக்குழம்பிற் கொதிக்கவைத்தும் நன்றாகப் பொரித்தும் உண்ணும் முறை, முன்னோர் அறிந்தோ அறியாமலோ நமக்களித்த காப்பாகும்.

ஆகவே செவுள் சிவந்து, கண் தெளிந்து, தசை இறுகியிருக்கும் மீனில் இரண்டொரு புள்ளி காணப்படின், அப்பகுதியை அரிந்தெறிந்து மற்றதை நன்றாக வேகவைத்து உண்ணலாம். ஆழ்ந்த புண்ணும், ஊதிய வயிறும், தீய நாற்றமும் உள்ள மீனை விலக்குக.

இவ்வேறுபாட்டை மக்கள் அறியாமையால் விளைந்த துன்பத்திற்கு ஒரு சான்று கூறுவோம். 1972-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மீன்களின் உடலில் செம்புண் உண்டாக்கும் ஒரு நோய் காணப்பட்டது. அது தென்கிழக்காசியா வழியாகப் பரவி, 1988-இல் இந்தியாவின் வடகிழக்கை அடைந்தது. 1991-இல் கேரளத்துக் குட்டநாட்டு நீர்நிலைகளிலும் தோன்றியது. விரால் மீன்களே இதனால் மிகவும் வருந்தின. இதற்குக் காரணம் ஒட்டுண்ணிப் பேனன்று. பூஞ்சணம் போன்ற ஒரு நீருயிர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அது மனிதரைத் தொற்றவில்லை. எனினும் புண்ணுற்ற மீனைக் கண்ட மக்கள் நல்ல மீனையும் வாங்க அஞ்சினர். நீரிற் பாதி மீன் நோயால் போயிற்று. கரைக்கு வந்ததும் விலைபோகவில்லை. நாட்கூலியன்றி வேறு வருவாயற்ற மீனவர் குடும்பங்கள் அத்துன்பத்தைத் தாங்க நேர்ந்தது.

அஞ்ச வேண்டுவது யாது?

அங்ஙனமாயின் ஒட்டுண்ணிகளைப் பற்றிக் கவலையே வேண்டாவோ எனின், அற்றன்று. தன் பிறந்த நீரில் மீனோடு பழகி அடங்கியிருக்கும் ஒட்டுண்ணி, புதிய நீரிற் புகுந்தவிடத்துக் கொடிய பகையாகலாம். நார்வே நாட்டில் இதனைக் கண்டனர். பால்டிக் கடற்பக்கத்துச் சால்மன் மீன்களின்மேல் பெருங்கேடு செய்யாது வாழ்ந்த நுண்ணிய தட்டைப்புழு ஒன்று, 1970-களில் சுவீடனிலிருந்து கொண்டுவந்த குஞ்சுகளோடு நார்வேயிற் புகுந்தது. அப்புழுவை முன்பின் அறியாத அந்நாட்டுச் சால்மன்கள் ஆறு ஆறாக மடிந்தன. இறுதியில் புழுவை ஒழிக்கும்பொருட்டு ஆற்றில் நஞ்சிட்டு அங்குள்ள மீன்களையே அழித்து, மீண்டும் குஞ்சுவிட வேண்டியதாயிற்று. ஒரு சில குஞ்சுகளை ஆராயாமல் ஏற்றுக்கொண்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

நம் நிலையும் இதற்கு வேறன்று. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது திருத்தணி அதனுட் சேர்ந்தது; 1960 ஏப்ரல் முதல் நாளில் தமிழகத்தோடு மீண்டும் இணைந்தது. நிலத்தின் எல்லை இவ்வாறு மாறினும் நீரின் வழி மாறவில்லை. மேலும், 1996 முதல் கிருஷ்ணையாற்று நீரும் கண்டலேறு அணையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கால்வாய் வழியே பூண்டிக்கு வருகின்றது. முற்காலத்து ஒன்றையொன்று காணாதிருந்த ஆறுகள் இன்று ஒரே தேக்கத்தில் கலக்கின்றன. நீர் தானே கொணர்வதை நாம் தடுக்கவியலாது. நம் கையாற் கொணர்வதைத் தடுக்கலாம்.

சென்னைக் கொளத்தூரில் அழகுமீன் வாணிகம் பெருகியுள்ளது. கண்ணாடித் தொட்டியில் வளர்த்த பொன்மீன் சலித்துப்போனால் அதனைக் கொல்ல மனமின்றி அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுவோர் உளர். அச்செயல் இரக்கத்தாற் செய்யப்படுவதே. ஆனால் கிழக்காசியாவிற்குரிய ஒருவகை மீன்பேன் உலகின் பல நாடுகளுக்கும் பொன்மீனோடே சென்று பரவியிருக்கின்றது. ஒரு மீனுக்குக் காட்டும் இரக்கம் ஓர் ஏரியிலுள்ள மீன்களுக்கெல்லாம் கேடாக முடியலாம்.

ஆதலின் தூண்டிலிடுவோரும் வலைஞரும் மீன்வளர்ப்போரும் கைக்கொள்ளத்தக்க முறைகள் சிலவற்றைக் கூறி முடிப்போம். ஓரேரியிற் பிடித்த சிறுமீனை மற்றோரேரியில் உயிரிரையாக இடலாகாது. வலையையும் கூடையையும் ஒரு நீரினின்று மற்றொரு நீருக்குக் கொண்டுசெல்லுமுன் வெயிலில் நன்கு உலர்த்துதல் வேண்டும். வெளியிடத்துக் குஞ்சுகளை வாங்கினால் அவற்றைத் தனித்தொட்டியில் சில நாள் வைத்துப் பார்த்து, நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு உப்புக் கலந்த நீரிற் சில நிமிடம் விட்டெடுத்துப் பின்னரே குளத்தில் விடுதல் நன்று. அரிந்தெறியும் குடலையும் செவுளையும் மீண்டும் நீரில் வீசாது மண்ணிற் புதைத்தல் வேண்டும். குஞ்சுத்திரளைக் காத்துநிற்கும் விராலைப் பிடியாது விடுதலும் அறிவுடைமை. காவல் போயின் அத்திரளில் எஞ்சுவன சிலவே.

வேதாகமத்து உவமையொன்றில், வலையைக் கரைக்கு இழுத்தோர் அமர்ந்து நல்ல மீன்களைக் கூடைகளிற் சேர்த்து ஆகாதனவற்றை எறிந்துவிட்டதாகக் கூறப்படுகின்றது. கலிலேயக் கடலோரத்து வலைஞர்க்கு அஃது அன்றாட வேலை. அங்ஙனம் அமர்ந்து பிரித்தறியும் பொறுமையே நமக்கும் வேண்டுவது. நல்ல மீனை அச்சத்தால் எறிதலும், தீய மீனை இரக்கத்தாலோ பொருளாசையாலோ வேறு நீரில் விடுதலும் ஆகிய இரண்டும் ஒழியுமாயின், உண்பார்க்கு உணவும், பிடிப்பார்க்குக் கூலியும், நீர்த்தேக்கத்திற்கு நலமும் நிலைபெறும்.